கணைய அழற்சியா, இல்லையா? உறுதியாகத் தெரியாத நாட்களில் என்ன செய்வது

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் கணைய அழற்சி என்று போட்டு, பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போட்டிருப்பார்கள். ஒரு டாக்டர் "கணையத்துல வீக்கம் மாதிரிதான் தெரியுது" என்பார். அடுத்தவர் "அல்சரா இருக்கும், மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்பார். இரண்டுக்கும் நடுவில் வலி வந்தவரின் தூக்கமும் வீட்டாரின் தூக்கமும் போய்விடும்.

நான் டாக்டர் இல்லை. என் தம்பிக்கு இந்தச் சந்தேகம் வந்தபோது உசிலம்பட்டிக்கும் மதுரைக்குமாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்த அக்கா. அந்த அலைச்சலில் விளங்கியதையும், டாக்டர்கள் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். இந்தச் சந்தேகக் காலத்தில் வீட்டார் சேர்த்துக் கொடுக்கும் தகவல்தான் டாக்டருக்குப் பாதி விடை. சும்மா காத்திருந்து அந்த நாட்களை வீணாக்க வேண்டாம்.

முதலில்: எந்த வலிக்குக் காத்திருக்கக் கூடாது

மேல்வயிற்றில் திடீரென்று பிடித்து, விட்டு விட்டு வராமல் மணிக்கணக்கில் ஒரே சீராக நின்று, முதுகுக்கும் பரவி, கூடவே வாந்தியும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அதோடு காய்ச்சல், கண் மஞ்சளாதல், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், உடம்பு சில்லிட்டு வியர்த்தல், பேச்சில் குழப்பம் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். "கேஸ்தான், ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப்போகும்" என்று இரவைத் தள்ளாதீர்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர் என்றால் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். மாரடைப்பும் சிலருக்கு மேல்வயிற்று வலியாகத்தான் வருகிறது.

டாக்டர்கள் ஏன் அடித்துச் சொல்வதில்லை

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் சுமார் 15 செ.மீ. நீளத்தில் குறுக்காகக் கிடக்கிறது. கையால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கிற இடமில்லை. சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் நொதிகளும் இன்சுலினும் அங்கேதான் சுரக்கின்றன. குடலுக்குப் போய் வேலையைத் தொடங்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி, அதையே அரிக்க ஆரம்பிப்பதுதான் அழற்சி.

திடீரென வரும் அழற்சியை உறுதி செய்ய ஒரு கணக்கு உண்டு. 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறையைத்தான் டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். ஒன்று, நான் மேலே சொன்ன மாதிரியான வலி. இரண்டு, ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் (இரண்டும் கணையம் சுரக்கும் நொதிகள்) அந்த லேபின் இயல்பு உச்ச அளவைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பது. மூன்று, ஸ்கேனில் அதற்குரிய மாற்றம் தெரிவது.

சந்தேகம் எங்கே நுழைகிறது என்று இப்போது புரியும். வலி இருக்கிறது, லைபேஸ் ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது, அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, சில மாத்திரைகள், குடல் நோய்கள் எல்லாவற்றிலும் லைபேஸ் கொஞ்சம் ஏறும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் கூகுளில் தேடுவதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் இயல்பு அளவைப் பார்த்து மூன்றால் பெருக்குங்கள். லேபுக்கு லேப் அந்த அளவு மாறும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயன் இல்லை.

நாள்பட்ட அழற்சியில் சிக்கல் இன்னும் அதிகம். கணையம் பல வருடமாகக் கெட்டுப்போன பிறகு சுரக்க நொதியே குறைவாக இருப்பதால் லைபேஸ் இயல்பாகவே வரலாம். ஆரம்பக் கட்டத்தில் ஸ்கேனும் சுத்தமாக இருக்கலாம். டாக்டர் "பார்ப்போம்" என்று சொல்வதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி மாறினால், ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும்.

ஃபைலை ஒழுங்கு செய்யுங்கள்

பெரும்பாலான வீடுகளில் ரிப்போர்ட்டுகள் ஜவுளிக்கடைப் பையில் மடிந்து கிடக்கும். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, பழையது அடியில் புதியது மேலே என்று தேதி வரிசையில் அடுக்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரிகள் தனியாக, ஸ்கேன் படங்களும் அவற்றைப் பதிந்து தரும் குறுந்தட்டுகளும் தனியாக இருக்கட்டும். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படத்தையும் கேட்டு வாங்குங்கள். அனுபவப்பட்ட குடல் மருத்துவர் படத்தைத் தானே பார்த்து, ரிப்போர்ட்டில் எழுதாத ஒன்றைக் கண்டுபிடிப்பது உண்டு.

கூடவே ஒரு நோட்டு. தம்பியின் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருந்தது: "செவ்வாய். மத்தியானம் காதுகுத்து வீட்டில் பிரியாணி. ராத்திரி 9 மணிக்கு வலி ஆரம்பம். முதுகுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி. படுத்தா கூடுது, குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை. வாந்தி ரெண்டு தடவை. 2 மணிக்குக் குறைஞ்சது. காய்ச்சல் இல்லை. மோஷன் காலையில் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சு, தண்ணி ஊத்தியும் போகலை."

கடைசி வரியைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். ஆனால் டாக்டர் அந்த வரியில்தான் விரலை வைத்து நிறுத்தினார். கணைய நொதி குறைந்தால் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறும். மிதக்கும், ஒட்டும், நாற்றம் அதிகமாக இருக்கும். எடையையும் மாதம் ஒருமுறை ஒரே தராசில் பார்த்து எழுதுங்கள்.

அடுத்த வலி வந்தால் அன்றைக்கே ரத்தம் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்து நாலைந்து நாள் கழித்து, அப்பாயின்மென்ட் கிடைத்த தேதியில் போய் ரத்தம் கொடுத்தால் விடை கிடைப்பது சந்தேகம். அமைலேஸ் மூன்று முதல் ஐந்து நாளில் இயல்புக்கு இறங்கிவிடும். லைபேஸ் சில மணி நேரத்தில் ஏறி, ஒரு நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரம் பத்து நாளில் இறங்கும். இரண்டில் லைபேஸ்தான் நம்பகமானது. டாக்டரிடம் முன்னதாகவே சொல்லி, "வலி வரும்போது எடுக்க வேண்டியவை" என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கேஷுவாலிட்டியில் இருக்கும் டியூட்டி டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டினால் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

அந்தச் சீட்டில் என்னென்ன இருக்கலாம்? லைபேஸ். கல்லீரல் பரிசோதனைகள்: வலி வந்த முதல் இரண்டு நாளில் அவற்றில் ஒன்றான எஸ்.ஜி.பி.டி. 150க்கு மேல் ஏறினால் பித்தக்கல் நகர்ந்து பித்தக் குழாயில் இறங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு: இது 1,000 மி.கி.க்கு மேல் போனால் அதுவே அழற்சியைக் கொண்டுவரும். ஆனால் பட்டினி போட்டு, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியதும் இந்த எண் வேகமாக இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் காரணமே கண்ணில் படாமல் நழுவிவிடும். கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின், சர்க்கரை, ரத்த எண்ணிக்கை ஆகியவையும் சேரும். இதில் எதையும் நீங்களாகப் போய் லேபில் கொடுக்க வேண்டாம், எழுதித் தரச் சொல்லுங்கள்.

எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்

அல்ட்ராசவுண்ட்தான் முதல் படி. பித்தப்பைக் கல்லைப் பார்க்க அது அருமையான கருவி. ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போக வேண்டும், காபி குடித்துவிட்டுப் போனாலே பித்தப்பை சுருங்கிவிடும். கணையத்தைப் பொறுத்தவரை குடலில் உள்ள காற்று மறைத்துவிடுவதால் பல ரிப்போர்ட்டுகளில் "கணையம் சரியாகத் தெரியவில்லை" என்று இருக்கும். அதற்குக் கணையம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் கிடையாது. வீட்டில் எல்லோரும் "ஸ்கேன் நார்மல்" என்று நிம்மதியடைவது இந்த வரியைப் படிக்காமல்தான்.

சி.டி. ஸ்கேன் வீக்கத்தையும், கணையத்தில் படிந்த சுண்ணாம்புக் கற்களையும், கட்டியையும் காட்டும். மருந்து செலுத்தி எடுப்பதற்கு முன் கிரியாட்டினின் பார்ப்பார்கள். திடீர் அழற்சியில் முதல் நாளே எடுத்தால் திசு அழுகலின் முழு அளவு தெரியாது, மூன்று நாள் கழித்துத்தான் சரியாகத் தெரியும். "ஏன் உடனே சி.டி. எடுக்கல?" என்று சண்டை போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் பித்தக் குழாயையும் கணையக் குழாயையும் கதிர்வீச்சு இல்லாமல் படமாகக் காட்டும். எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளேயிருந்தே எடுக்கும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் இன்னும் நுணுக்கமானது. மற்றவற்றில் தப்பிய பொடிக்கல்லையும் நாள்பட்ட அழற்சியின் ஆரம்ப மாற்றங்களையும் அது பிடிக்கும். இ.ஆர்.சி.பி. வேறு. எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்த, கணையக் குழாய்க்குள் போய், கல்லை எடுக்க, ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைக்க என்று சிகிச்சைக்காகச் செய்வது அது. நூற்றில் மூன்று முதல் பத்துப் பேருக்கு அதுவே அழற்சியைக் கிளப்பிவிடலாம் என்பதால், வெறும் சந்தேகத்துக்காக அதைச் செய்யச் சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் பரிசோதனையும் உண்டு. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் கணையச் சுரப்பு போதவில்லை என்று கொள்வார்கள். தண்ணியாகப் போகும் நாளில் கொடுத்தால் தவறாகக் குறைத்துக் காட்டும், கெட்டியாகப் போகும் நாளில் கொடுங்கள்.

காரணத்தைத் தேடும்போது

பித்தக்கல்லும் மதுவும்தான் பெரும்பாலான திடீர் அழற்சிக்குக் காரணம். அதனாலேயே நம் ஊரில் கணையம் என்று சொன்னதும் "டாஸ்மாக்கு போறவனா?" என்று கேட்டுவிடுகிறார்கள். தம்பி ஒரு சொட்டுத் தொட்டதில்லை. சொந்தக்காரர்கள் அப்படிக் கேட்டபோது அவன் முகம் சுருங்கியது எனக்கு இன்றும் மனசை அறுக்கிறது. குடிக்காதவருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும் என்று அழுத்திச் சொல்லுங்கள். குடிப்பவராக இருந்தால் டாக்டரிடம் அளவை மறைக்க வேண்டாம். அந்த நேரத்தில் வீட்டார் அறைக்கு வெளியே இருப்பது நல்லது, அப்போதுதான் உண்மை வரும்.

தென்னிந்தியாவில் அதிகம் பார்க்கப்படும் ஒரு வகையும் இருக்கிறது. இளம் வயதிலேயே வயிற்றுவலி, கணையக் குழாயில் கற்கள், பிறகு சர்க்கரை என்று போகும் இதை வெப்பமண்டலக் கணைய அழற்சி என்பார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நிறையப் பார்க்கப்பட்டது. மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் பலமாகப் பேசப்பட்டது, நிரூபிக்கப்படவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கு இதில் பங்கு இருப்பது பின்னால் தெரியவந்தது. கற்கள் இருந்தால் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே பல நேரம் தெரிந்துவிடும், செலவும் குறைவு. முப்பது வயதுக்குள் ஒல்லியான ஒருவருக்குச் சர்க்கரை வந்து, பழைய வயிற்றுவலிக் கதையும் இருந்தால் கணையத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சுற்றுப்பட்டு விவசாயக் குடும்பங்கள் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: வலி வருவதற்கு முன்னால் பூச்சிமருந்து அடித்தீர்களா? ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்பில் ஏறினால் கணையம் பாதிக்கப்படலாம், அமைலேஸும் ஏறலாம். நாக்குப்பூச்சி பித்தக் குழாய்க்குள் ஏறியும் அழற்சி வரும். வலிப்புக்கான வால்ப்ரோயேட், எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் அசதயோபிரின் போன்ற மருந்துகளும் பட்டியலில் உண்டு. சூரணம், லேகியம், ஆன்லைனில் வாங்கிய எடைகுறைப்புப் பொடி எது சாப்பிட்டாலும் டப்பாவோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

எங்கே, யாரிடம் காட்டுவது

குடும்ப டாக்டரோடு நிற்காமல் குடல், கல்லீரல் சிறப்பு மருத்துவரிடம் ஒருமுறையாவது காட்டுங்கள். மதுரை கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையை, நம் பெரியாஸ்பத்திரியைத்தான் சொல்கிறேன், வசதி இல்லாதவர்களுக்கான கடைசி இடம் என்று ஒதுக்குவது சரியில்லை. சிக்கலான கணைய நோயாளிகள் தென்மாவட்டங்களிலிருந்து வந்து சேரும் இடம் அது. அத்தனை பேரைப் பார்க்கும் டாக்டர்களின் கண்ணுக்கு மதிப்பு உண்டு. சிறப்புப் பிரிவின் புறநோயாளி நாள் எந்தக் கிழமை என்று முதல் நாளே விசாரித்து, விடிந்ததும் கிளம்பி, ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். டாக்டர் முன்னால் உட்காரக் கிடைப்பது சில நிமிடம்தான். ஆகையால் கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். எங்களுக்குப் பயன்பட்ட கேள்விகள் இவை:

"டாக்டர், இது கணையம்தான்னு சொல்ல இன்னும் என்ன தெரியணும்?"
"இல்லைன்னு முடிவு பண்ண எது தெரிஞ்சாப் போதும்?"
"அடுத்த டெஸ்ட்டோட முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா?"

மூன்றாவது கேள்விக்கு "மாறாது" என்று பதில் வந்தால் அந்த டெஸ்ட்டைத் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். அட்மிஷன் போடும் நேரத்தில் அலையாமல் சந்தேகம் வந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

அதுவரை என்ன சாப்பிடுவது

மதுரைக்காரருக்கு இதுதான் கஷ்டமான படி. பரோட்டா, சால்னா, கறிதோசை, ஜிகர்தண்டா என்று வளர்ந்த நாக்கு. சந்தேகம் தீரும்வரை எண்ணெயில் மிதக்கும் சாப்பாட்டைத் தள்ளிவையுங்கள். அதற்காக வெறும் கஞ்சியிலேயே மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. கணைய நோயாளிகள் பலர் இளைத்துப்போவதற்கு நோயோடு பயமும் ஒரு காரணம். மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஐந்தாறு சின்ன வேளையாகப் பிரியுங்கள். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், பாசிப்பருப்பு, ஆடை நீக்கிய மோர், முட்டை வெள்ளைக்கரு, எண்ணெய் குறைத்து வைத்த மீன் குழம்பு எல்லாம் ஒத்துக்கொள்கிறதா என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். நாள்பட்ட அழற்சி என்று உறுதியானால்கூட இப்போது டாக்டர்கள் கொழுப்பை ஒரேயடியாக வெட்டச் சொல்வதில்லை. நொதி மாத்திரையோடு சத்தாகச் சாப்பிடத்தான் சொல்கிறார்கள். அந்த மாத்திரையைச் சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் பலன் குறையும், முதல் வாயோடு போட வேண்டும்.

மதுவும் பீடி, சிகரெட்டும் இன்றோடு நிற்கட்டும். இதற்கு உறுதியான ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புகை மட்டுமே தனியாகக் கணையத்தைக் கெடுக்கும், குடியோடு சேர்ந்தால் இன்னும் வேகம்.

விசேஷ வீடுகளைச் சமாளிப்பது தனிக் கலை. கிடாவெட்டுக்குப் போனால் "ரெண்டு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுடா" என்று அத்தையோ சித்தியோ இலையில் போட்டுவிடுவார்கள். பாசம்தான். நாங்கள் வீட்டிலேயே அவனைச் சாப்பிடவைத்துக் கூட்டிப்போனோம். பந்தியில் உட்காராமல், மொய் எழுதும் மேசையில் அவனை உட்காரவைத்துவிட்டோம். யாரும் வற்புறுத்தவில்லை.

வலியும் மனசும்

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்குளோபினாக் வாங்கிப் போடாதீர்கள். அது இரைப்பையைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணும் இதே இடத்தில் வலித்து, இருக்கிற குழப்பத்தைக் கூட்டும். சிறுநீரகத்துக்கும் கேடு. டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் பழகிவிடும், டாக்டர் எழுதிய அளவோடு நிற்க வேண்டும். எந்த வலிக்கு வீட்டில் மாத்திரை, எந்த வலிக்கு ஆஸ்பத்திரி என்று டாக்டரிடமே எல்லை போட்டு வாங்குங்கள்.

அடுத்த வலி எப்போது வருமோ என்ற பயம் வலியைவிட மோசம். தம்பி கொஞ்ச காலம் பஸ் ஏறவே மாட்டேன் என்றான். அவனுக்கு உதவியது ஆறுதல் வார்த்தை இல்லை, பர்ஸில் இருந்த அந்தச் சீட்டும் போனில் இருந்த ரிப்போர்ட் படங்களும்தான். எங்கே வலி வந்தாலும் என்ன செய்வது என்று தெரிந்த பிறகு வேலைக்குப் போக ஆரம்பித்தான். தூக்கமில்லாமை, எதிலும் பிடிப்பில்லாமை வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104இலும் பேசலாம்.

விடை வந்த பிறகு, வராவிட்டாலும்

பித்தக்கல்தான் காரணம், அழற்சி லேசானது என்று தெரிந்தால், அந்த அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது என்பதுதான் இன்றைய பரிந்துரை. "கொஞ்ச நாள் போகட்டும்" என்று தள்ளிப்போட்டால் அதற்குள் இன்னொரு தாக்குதல் வரலாம்.

கணைய அழற்சி இல்லை என்று முடிவானால் அதை டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய சம்மரியில் இருக்கும் அந்தக் கேள்விக்குறி, தனியார் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதும் அடுத்த ஆஸ்பத்திரியிலும் கூடவே வரும். அதோடு வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும்: இரைப்பைப் புண், பித்தப்பை, சிறுநீரகக் கல், குடல் காசநோய், முதுகெலும்பு.

உறுதியான அழற்சி, ஆனால் காரணம் மட்டும் தெரியவில்லை என்று சிலருக்கு நின்றுவிடும். அவர்கள் உடம்பு தேறிய பிறகு அல்ட்ராசவுண்டை மறுபடி எடுக்க வேண்டும், முதல் தடவை தப்பிய பொடிக்கல் இரண்டாம் தடவை அகப்படுவது உண்டு. அதிலும் இல்லையென்றால் எம்.ஆர்.சி.பி. அல்லது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். 40 வயதுக்கு மேல் என்றால் கட்டி ஏதும் மறைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்.பி.ஏ.1சி. என்ற மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவையும் வருடம் ஒருமுறையாவது பாருங்கள். இடையில் புதிதாகச் சர்க்கரை வந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, கண் மஞ்சளானாலோ ரிவ்யூ தேதி வரை பொறுக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.